ஒரு மதிப்பெண் விண்வெளி வீரர்கள்

மதுரை காளவாசலிலிருந்து பைபாஸ் ரோடு வழியாகப் பழங்காநத்தம் போகிறவர்கள், பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. நீட், ஜே.இ.இ., டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடி. அவற்றில் எந்த மாடியில் ஏறி, 'விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் யார்?' என்று கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்: ராகேஷ் சர்மா, 1984. 'விண்கலம் சோயுஸ் டி-11' என்று இன்னொரு குரல் கூடவே சேர்ந்துகொள்ளும். அவர் இப்போது எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று கேட்டால்தான் தடுமாற்றம். நீலகிரி மாவட்டம் குன்னூரில். பக்கத்து ஆரப்பாளையத்தில் கோவை பஸ் பிடித்து, கோவையில் ஊட்டி பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர்.

அவரை ஒரு மதிப்பெண் விடையாகச் சுருக்கியதில் யாருடைய சதியும் இல்லை. பூமியைச் சுற்றிவந்த இந்தியக் குடிமக்கள் பட்டியலில் 41 ஆண்டுகள் அவர் ஒருவரே இருந்தார். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டதும், அதற்கு இக்பாலின் பாடல் வரியால் அவர் பதில் சொன்னதும் பலருக்குத் தெரியும். அந்த உரையாடல் சில நிமிடங்கள்தான். அவர் விண்வெளியில் இருந்ததோ 7 நாள், 21 மணி, 40 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சல்யூத்-7 நிலையத்திலிருந்து இந்திய நிலப்பரப்பைப் பல நிறமாலைகளில் படம் எடுத்தார். எடையற்ற நிலைக்கு உடம்பு பழகுவதற்கு யோகாசனம் உதவுமா என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். இதயம் எப்படி இயங்குகிறது என்று அளப்பதற்காகக் கருவிகளை மாட்டிக்கொண்டார். அதாவது, அவர் அங்கே போனது வேலை பார்க்க. அந்த வேலைதான் நம் வகுப்பறைகளில் காணாமல் போகிறது.

அதை மறுபடி கொண்டுவருவதற்கு 2025-இல் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. இந்திய விமானப் படையின் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா, ஆக்சியம்-4 குழுவில் ஒருவராக ஜூன் 25, புதன்கிழமை புறப்பட்டார். இந்திய நேரப்படி நண்பகல் 12.01. மறுநாள் மாலை நான்கு மணி சுமாருக்கு அவருடைய விண்கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. ஜூலை 15, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கலிபோர்னியக் கடலில் இறங்கியது. மூன்று நிகழ்வும் தமிழகப் பள்ளிகள் நடக்கும் வேளையில் நடந்தவை. போதாததற்கு ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டி, பரிசளிப்பு என்று பிள்ளைகள் ஏற்கெனவே ஓர் இடத்தில் கூடியிருக்கும் நாள். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தால்கூட இப்படி அமையாது.

ஒரு தடை மட்டும் இருந்தது, அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. ராக்கெட் கிளம்பிய சற்று நேரத்தில் சுக்லா நாட்டு மக்களுக்குச் சொன்ன செய்தியும், ஜூன் 28 அன்று பிரதமரோடு பேசியதும் இந்தியில். நேரலை வர்ணனை ஆங்கிலத்தில். அவர் லக்னோக்காரர், தாய்மொழியில் பேசியதில் தவறே இல்லை. ஆனால், காளவாசல் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பேச்சு மறுநாள் செய்தித்தாளில்தான் புரிந்திருக்கும். இஸ்ரோவின் தலைவர் வி.நாராயணன் குமரி மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்து வந்தவர். தமிழில் விளக்கிச் சொல்லத் தெரிந்த பொறியாளர்கள் அந்த நிறுவனத்தில் ஏராளம். கிரிக்கெட்டுக்குத் தமிழ் வர்ணனை சாத்தியமாகிற நாட்டில் இதற்கு ஏன் முடியாது?

சுக்லாவின் பயணத்தில் வகுப்பில் வைத்துப் பேச வேண்டிய பகுதி, அவர் புறப்பட்ட நாளுக்கு முன்பே நடந்துவிட்டது. மே 29 என்று முதலில் குறித்த தேதி, ஜூன் முழுக்கத் தள்ளிக்கொண்டே போனது. ஜூன் 11-க்கு எல்லாம் தயார் என்ற நிலையில், ஃபால்கன்-9 ராக்கெட்டின் அடிக்கட்டத்தில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரியவந்தது. அப்போது அமெரிக்காவில் இருந்த நாராயணன் தலைமையிலான இஸ்ரோ குழு, கசிவைச் சரிசெய்து, குறைந்த வெப்பநிலையில் மறுபடி சோதித்துக் காட்டிய பிறகே கிளம்பலாம் என்று வலியுறுத்தியது. அது முடிந்தால், விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் ஒரு கசிவு. அதற்காக மேலும் சில நாள்கள். தேதி மாறும் ஒவ்வொரு முறையும் 'மீண்டும் ஒத்திவைப்பு' என்று நம் தொலைக்காட்சிகள் தோல்விச் செய்தி வாசிக்கும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. பயணம் முடிந்த பிறகு பார்த்தால், அந்த ஒத்திவைப்புகள்தான் அந்தப் பயணத்தின் மிகப் பெரிய பொறியியல் பாடம். 'முடியாது, சோதித்துவிட்டுப் போகலாம்' என்று சொல்வதற்கு ஒருவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும், எவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பாடவேளை பேசலாம்.

அந்தப் பேச்சு தானாகவே கல்பனா சாவ்லாவிடம் போய் நிற்கும். தமிழ்நாட்டில் அவர் பெயர் தெரியாத பிள்ளை இல்லை. ஆண்டுதோறும் சுதந்திர தின விழாவில் துணிவு, சாகசச் செயலுக்காகப் பெண்களுக்குத் தமிழக அரசு தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் ஹரியாணாவின் கர்னாலில் பிறந்தவர், பறந்தபோது அமெரிக்கக் குடிமகள் என்ற விவரத்தைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. இந்திய விண்வெளி வீரர், இந்திய வம்சாவளி விண்வெளி வீரர் என்ற வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டியதில்லை. சுனிதா வில்லியம்ஸுக்கும் இது பொருந்தும்.

கல்பனா எப்படி இறந்தார் என்பதை நாம் சொல்வதில்லை. 'விண்கலம் வெடித்தது' என்ற இரண்டு சொல்லோடு பாடம் நின்றுவிடுகிறது. நடந்தது இதுதான். 2003 ஜனவரி 16 அன்று அவர் சென்ற கொலம்பியா விண்ணோடம் புறப்பட்ட 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப் பொருள் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. பதிவான படத்தில் அது தெரிந்தது. பொறியாளர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். சுற்றுப்பாதையில் இருக்கும் கலத்தை வேறு வழிகளில் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். நிர்வாகம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 1 அன்று கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பியபோது நுரைத் துண்டு மோதி உண்டான ஓட்டை வழியாகக் கொதிக்கும் வாயு உள்ளே புகுந்து இறக்கையைத் தின்றது. தரையிறங்க இன்னும் 16 நிமிடங்கள் இருந்தன. ஏழு பேர் இறந்தார்கள். 'பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்' என்று இதை ஒளிப்பது, கல்பனாவைச் சுவரொட்டிப் படமாக வைத்துக்கொள்ள மட்டுமே உதவும். கொலம்பியாவைக் கேட்டறிந்த பிள்ளைக்குத்தான், 2025 ஜூனில் ஓர் ஆக்சிஜன் கசிவுக்காகப் பயணத்தையே ஏன் நிறுத்தினார்கள் என்பது புரியும்.

போகாதவர்களின் கதையும் இருக்கிறது. ராகேஷ் சர்மாவோடு சேர்ந்து மாஸ்கோ அருகே நட்சத்திர நகரில் அதே பயிற்சியை, அதே ரஷ்ய மொழிப் பாடத்தை, அதே சுழல் இயந்திரச் சோதனைகளை முடித்தவர் ரவீஷ் மல்ஹோத்ரா. மாற்று வீரராக இருந்தவர். கடைசி வரை பறக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டில், இன்சாட் செயற்கைக்கோளோடு அமெரிக்க விண்ணோடத்தில் செல்வதற்கு இஸ்ரோவின் என்.சி.பட், பி.ராதாகிருஷ்ணன் நாயர் என்ற இரு பொறியாளர்கள் தேர்வானார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததில் அந்த வாய்ப்பும் போயிற்று. 2025-இல் சுக்லாவுக்கு மாற்றாகத் தயாராக நின்றவர் பாலக்காட்டைச் சேர்ந்த குரூப் கேப்டன் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். சுக்லா செய்யவேண்டிய அனைத்தையும் அவரும் கற்றிருந்தார். நீட் முடிவு வரும் நாளில் 'ஜெயித்தவன், தோற்றவன்' என்று இரண்டே கட்டம் போட்டுப் பார்க்கும் ஊருக்கு, முழுத் தகுதியோடு தரையில் நின்றவர்களின் கதை ரொம்பவும் தேவை.

எதைச் சொல்லித்தருவது என்று பாடநூலில் தேட வேண்டியதில்லை, இடம் ஏற்கெனவே இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள் பாடத்தில் விண்வெளி வீரர்களின் எடையின்மை வருகிறது. 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. வீரரும் கலமும் சேர்ந்தே ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். இது படிக்கும்போது எல்லாருக்கும் குழப்பம் தரும் இடம். இங்கே சுக்லா உதவிக்கு வருவார். பூமிக்குத் திரும்பியதும் கையில் கொடுத்த செல்போன் அவருக்குக் கனத்தது. கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், மடிக்கணினியை மூடிப் பக்கத்தில் காற்றிலேயே விட்டுவிட்டார், அது மிதக்கும் என்ற நினைப்பில். தரையில் விரிப்பு இருந்ததால் கணினி தப்பியது. இந்த ஒரு சம்பவம் போதும், பாடம் நிற்கும்.

அடுத்தது விதைகள். சுக்லா விண்வெளி நிலையத்தில் முளைக்க வைத்தவை வெந்தயமும் பாசிப்பயறும். கர்நாடகத்தின் தார்வாடில் உள்ள வேளாண் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் வடிவமைத்த சோதனை அது. இரண்டுமே காளவாசலில் எந்த மளிகைக் கடையிலும் கிடைப்பவை. ஒரு தட்டில் ஈரப் பஞ்சு வைத்துப் பயறைப் பரப்பி, முளைவிட்டதும் தட்டைச் செங்குத்தாகச் சுவரோரம் நிறுத்தினால், வேர் வளைந்து கீழ்நோக்கித் திரும்பும்; ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் புவிச்சார்பசைவு. இன்னொரு தட்டை மெதுவாகச் சுழலும் சிறு மோட்டாரில் பொருத்தினால், எது கீழ் என்று தெரியாமல் வேர் தடுமாறும். சுற்றுப்பாதையில் நடப்பதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான நிலை. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், நடுநிலைப் பள்ளிகளுக்கு அறிவியல் சோதனைகளைக் கொண்டுபோகும் திட்டம். இந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. செலவு, ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய நாடு பிரிட்டன். விண்வெளி வீரர் டிம் பீக்கின் பயணத்தை ஒட்டி, 2 கிலோ கீரை விதை ஆறு மாதம் விண்வெளி நிலையத்தில் இருந்துவிட்டு வந்தது. 2016-இல் 8,600-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குச் சிவப்பு, நீலம் என இரண்டு பொட்டலங்கள் போயின. எது விண்வெளி விதை, எது தரையிலேயே இருந்தது என்று பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லப்படவில்லை. விதைத்தார்கள், அளந்தார்கள், அனுப்பினார்கள். விண்வெளி போய்வந்த விதைகள் சற்று மெதுவாக வளர்ந்தன என்று பிறகு தெரிந்தது. இந்தச் சின்ன முடிவைவிட, லட்சக்கணக்கான பிள்ளைகள் விடை தெரியாமல் ஒன்றை அளந்து பார்த்ததுதான் கவனிக்க வேண்டியது. நம்மிடமோ மாறுவேடப் போட்டியில் வெள்ளை உடையும் அட்டைத் தலைக்கவசமும் போட்ட விண்வெளி வீரர்களுக்குப் பஞ்சமே இல்லை.

சுக்லா போனபோது கேரளத்தின் நெல், தட்டைப்பயறு, எள், கத்தரி, தக்காளி விதைகளும் கூடப் போயின. அடுத்த முறை நம் மாவட்டத்து விதையும் ஏறட்டும் என்று மதுரை வேளாண் கல்லூரிக்காரர்கள் கேட்கலாம், கேட்டால்தானே கிடைக்கும்.

வெகுதூரத்து விஷயம் என்று நினைக்கும் இந்தத் துறையின் பாதி, தென் தமிழகத்தின் சாலையோரத்தில் கிடக்கிறது. மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் தெற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரி. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானின் வீரர்களைத் தூக்கிச் செல்லப்போகும் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் சி.இ.-20 கிரையோஜெனிக் எஞ்சின் சோதனைகள் அங்கேதான் நடந்தன. மனிதர் ஏறத் தகுதி பெற அந்த எஞ்சின் குறைந்தது 6,350 விநாடிகள் எரிந்து காட்டவேண்டும் என்பது விதி. நான்கு எஞ்சின்களை 39 முறை எரித்து, 8,810 விநாடிகள் சோதித்தார்கள். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். செயற்கைக்கோளுக்குப் போதுமான எஞ்சின் மனிதருக்கு ஏன் போதவில்லை என்பதைக் கணக்கு வகுப்பிலேயே பேசலாம். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் வீரர் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தபோது, கடைசி 5 விநாடி இருக்கையில் கணினி தானாக நிறுத்தியது. கோளாறைக் கண்டுபிடித்துக் காலை 10 மணிக்கு ஏவி, வெற்றியும் கண்டார்கள்.

2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்ட நான்கு ககன்யான் வீரர்களில் ஒருவரான குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர் படித்த இடங்களில் ஒன்று வெலிங்டன் முப்படைப் பயிற்சிக் கல்லூரி. ராகேஷ் சர்மா குடியிருக்கும் குன்னூரை ஒட்டிய ஊர். நால்வரில் இன்னொருவரான பிரசாந்த் நாயரும் வெலிங்டனில் படித்தவர். தாம்பரம் விமானப் படைத் தளத்தின் பறத்தல் பயிற்றுநர் பள்ளியிலும் படித்தவர். மூன்றாமவர் சுக்லா. நாலாவது பெயர் பிரயாக்ராஜைச் சேர்ந்த அங்கத் பிரதாப். நால்வரும் 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை, கொரோனாவுக்கு நடுவே, ரஷ்யாவில் பயிற்சி பெற்றவர்கள். சந்திரயான் என்றதும் மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, வீரமுத்துவேல் என்று வரிசையாகச் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு, அஜித் கிருஷ்ணனின் பெயர் இன்னும் பழகவில்லை. ராக்கெட் விடுகிறவர்களை நாம் நன்றாகவே கொண்டாடியிருக்கிறோம், கலாமில் தொடங்கி. ஏறுகிறவர் வேறு வகை மனிதர்: விமானி, சோதனை விமானி, தன் உடம்பையே ஆய்வுக்கு ஒப்புக்கொடுத்தவர்.

அந்த வழியில் போவது எப்படி என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியது பள்ளிதான். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், பிறகு தேசியப் பாதுகாப்பு அகாடமி தேர்வு, விமானப் படை, ஆண்டுக்கணக்கில் பறந்த பிறகு பெங்களூருவில் சோதனை விமானிப் பள்ளி. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் சைனிக் பள்ளி 1962 முதல் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு வழியே சேரலாம். இந்த விவரத்தைப் பைபாஸ் ரோட்டு மாடிகளில் சொல்கிறவர்கள் குறைவு. உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கும் வழி உண்டு: விண்வெளி வீரரைத் தேர்வுசெய்வதும், திரும்பியதும் நடக்கப் பழக்குவதும் மருத்துவர்கள். பெங்களூருவில் விமானப் படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் அதற்கான மேற்படிப்பையே நடத்துகிறது. நீட் எழுதுகிறவருக்கு இது யாரும் காட்டாத கதவு.

ககன்யான் வீரர்கள் நால்வரில் ஒரு பெண்கூட ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்டால் மழுப்பக் கூடாது. விமானப் படையின் சோதனை விமானிகளிலிருந்து அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். போர் விமானப் பிரிவில் முதல் பெண்கள் விமானிகளாகச் சேர்ந்ததோ 2016-இல்தான். பாதுகாப்பு அகாடமியின் கதவு உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே திறந்தது. முதல் 17 பெண்கள் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். சைனிக் பள்ளிகள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் சில ஆண்டுகளுக்கு முன்புதான். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் மாணவிக்கு, 2040-இல் நிலவுக்கு இந்தியரை அனுப்பும் திட்டம் நடக்கும்போது இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். கணக்கு அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

செய்வதற்கு எளிதானவை இன்னும் உண்டு. விண்வெளி நிலையம் மதுரை வானத்தைக் கடக்கும் நேரங்கள் முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கின்றன. அந்தி வேளையில், தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி, மொட்டை மாடியிலிருந்து வெறுங்கண்ணால் சில நிமிடங்கள் பார்க்கலாம், தொலைநோக்கி வேண்டாம். நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம், ககன்யான் புறப்படும் நாளில் மகேந்திரகிரிப் பொறியாளர் ஒருவரை அழைத்துத் தமிழில் நேரலை வர்ணனை நடத்தினால் அரங்கு கொள்ளாது. சுக்லா மேலே இருந்தபோது பெங்களூரு, ஷில்லாங் மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார். அப்படிப்பட்ட வானொலித் தொடர்புக்குப் பள்ளிகளே விண்ணப்பிக்க முடியும். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற ஒன்றின் மின்னணுத் துறை துணைக்கு வந்தால், ஆன்டெனா அமைப்பதும் பெரிய காரியமில்லை. பேசக் கிடைப்பது பத்து நிமிடம். யார் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்யவே ஒரு பருவம் ஆகும். விண்ணப்பத்துக்கும் தொடர்புக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும் என்பதால், கடிதத்தை இந்தக் கல்வியாண்டிலேயே அனுப்பிவிடுவது நல்லது.